கருங்கல்லுக்குள் எத்தனை பீப்பாய்? பிளவுப் பாறையில் எண்ணெய்க் கொள்ளளவு கணக்கிடும் முறை

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஒரு மனையில் 200 அடியில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் 400 அடி இறக்கினாலும் கல்தூள்தான் பறக்கும். இரண்டு போரும் ஒரே பாறையில் போட்டவைதான். ஒன்று ஊற்றுக்கண்ணை வெட்டியது, மற்றது தவறவிட்டது. தண்ணீர் இருந்த இடத்தில் எண்ணெயை வையுங்கள், ஆழத்தை ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கீழே தள்ளுங்கள். பிறகு, ‘இந்தப் பாறைக்குள் மொத்தம் எத்தனை பீப்பாய்?’ என்று கேளுங்கள். பிளவுப் பாறைத் தேக்கத்தைக் கணக்கிட உட்காருகிறவர் முன்னால் இருக்கும் கேள்வி இதுதான்.

இது நமக்குத் தொலைவான விஷயமும் இல்லை. சீர்காழிப் பக்கம் மாதானத்தில் அடித்தளப் பாறையின் (வண்டல் அடுக்குகளுக்கு அடியில் கிடக்கும் கெட்டிக் கல்) பிளவுகளில் எண்ணெய் கிடைத்திருக்கிறது. காவிரிப் படுகையின் கடல் பகுதியில் பி.ஒய்-1 வயலில் எரிவாயு கிடைத்தது உடைந்த கருங்கல்லில் இருந்து. வெளியே பார்த்தால் வியட்நாமின் பாக் ஹோ வயல்: 1988-ல் அங்கே கிரானைட்டுக்குள் இருந்து எண்ணெய் கொட்டியபோதுதான் பலர் இந்த வகைப் பாறையையே திரும்பிப் பார்த்தார்கள். எதிர்ப்பக்க உதாரணம் ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கே உள்ள லான்காஸ்டர் வயல். 2019-ல் உற்பத்தி தொடங்கியது. 2020-லேயே எண்ணெய்-நீர் எல்லை (எண்ணெய் முடிந்து நீர் தொடங்கும் ஆழம்) நினைத்ததைவிடச் சில நூறு மீட்டர் மேலே இருக்கிறது என்று கணக்கு மாறி, எடுக்கக்கூடிய அளவின் மதிப்பீடு பெருமளவு வெட்டப்பட்டது.

நிலவியலோ பெட்ரோலியப் பொறியியலோ படித்துவிட்டு முதல்முறை இந்தக் கணக்கில் உட்காருபவர்களுக்காக எழுதப்பட்டது இது. எக்செல் தெரிந்தால் போதும். விலை உயர்ந்த மாடலிங் மென்பொருள் பிறகு வரட்டும். கையால் ஒருமுறை கணக்குப் போடாதவர் அந்த மென்பொருளிடம் ஏமாறுவார்.

1. தொட்டி எது, குழாய் எது

பீப்பாயைத் தொடும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எண்ணெய் எங்கே தங்கியிருக்கிறது, எதன் வழியாக ஓடி வருகிறது? நெல்சன் வகைப்பாடு இதை நான்காகப் பிரிக்கிறது. முதல் வகையில் தொட்டியும் குழாயும் பிளவுகளே. பாறைக்கட்டி வெறும் கல். இரண்டாவதில் எண்ணெய் பாறையின் நுண்துளைகளில் இருக்கும், ஓட்டம் பிளவு வழியாக. மூன்றாவதில் பாறையே ஓரளவு ஓட்டம் தரும், பிளவு கைகொடுக்கும். நான்காவதில் பிளவுகளுக்குள் தாது படிந்து அவையே தடுப்புச் சுவராகிவிடும்.

கிரானைட், நைஸ் போன்ற அடித்தளப் பாறைகள் பெரும்பாலும் முதல் வகை. சுண்ணாம்புப் பாறைகள் இரண்டிலும் மூன்றிலும் விழும். வகையைத் தவறாக எடுத்தால் பிறகு எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போட்டாலும் விடை பத்து மடங்கு பிசகும். இரண்டாம் வகையில் பாறையின் போரோசிட்டி (கன அளவில் வெற்றிடத்தின் பங்கு) 8 சதவீதம் இருக்கலாம், முதல் வகையின் பிளவுப் போரோசிட்டி 1 சதவீதத்தைத் தொடுவதே அபூர்வம்.

புதைந்த கருங்கல் குன்றுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் மூடும் முன் அந்தக் குன்று வெயிலிலும் மழையிலும் கிடந்திருக்கும். அதனால் உச்சியில் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை மக்கிய கல் இருக்கலாம். கிணறு தோண்டும்போது ‘மொரம்பு’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அந்த மாதிரியான அடுக்கு. அதற்குப் போரோசிட்டி பல சதவீதம் இருக்கலாம். அதைத் தனி அடுக்காக வையுங்கள். கீழே உள்ள மக்காத கல்லோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

2. பாத்திரத்தின் அளவு

சீஸ்மிக் படத்தில் (நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பி எடுக்கும் படம்) கருங்கல்லின் மேற்பரப்பு பளிச்சென்று தெரியும். உள்ளே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆகவே மேல்மூடி ஓரளவு உறுதி, அடிப்பக்கம் எண்ணெய்-நீர் எல்லையைப் பொறுத்தது. புதியவர்கள் போரோசிட்டியைப் பற்றியே கவலைப்பட்டு, எல்லையை ஒரே எண்ணாக எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். குன்று வடிவத்தில் அது எவ்வளவு ஆபத்து என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம்.

உச்சி 1,600 மீட்டர் ஆழத்தில். சரிவு, 100 மீட்டர் இறங்கினால் ஆரம் 1,000 மீட்டர் விரியும் அளவு. கூம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லை 1,700-ல் இருந்தால் பாறையின் மொத்தக் கன அளவு 10.5 கோடி கன மீட்டர். 1,750-ல் இருந்தால் 35.3 கோடி. 1,800-ல் இருந்தால் 83.8 கோடி. உயரம் இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்கு, ஏனென்றால் கூம்பில் அது உயரத்தின் மும்மடியாகக் கூடும். நீண்ட முகடு வடிவமாக இருந்தால் இருமடி, அதாவது நான்கு மடங்கு. தட்டையான மணற்கல் அடுக்கில் பழகியவர்களுக்கு இந்த வேகம் கைவராது.

எல்லைக்குத் தருவதற்கு உங்களிடம் இருப்பவை பொதுவாக மூன்று ஆழங்கள்: எண்ணெய் உறுதியாகக் கண்ட மிகக் கீழ்ப்புள்ளி, நீர் உறுதியாகக் கண்ட மிக மேல்புள்ளி, பொறி (எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் பாறை அமைப்பு) நிரம்பி வழியும் விளிம்பு. நீரையே தொடாத கிணறு என்றால் இரண்டாவது இல்லை. அப்போது எல்லை கீழ்ப்புள்ளிக்கும் விளிம்புக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்றே எழுத வேண்டும். ‘நடுவில் இருக்கும்’ என்பது ஆசை.

அழுத்தக் கோடுகளை வெட்டவிட்டு எல்லையைக் காண்பது வழக்கம். எண்ணெயின் அடர்த்தி 0.8 என்றால் மீட்டருக்குச் சுமார் 0.08 பார், நீருக்கு 0.1 பார், வித்தியாசம் 0.02 தான். அளவியில் 0.2 பார் பிசகினால் எல்லை 10 மீட்டர் நகர்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. கருங்கல்லில் அழுத்தம் அளக்கும் கருவியின் முனை பிளவின் மேல் உட்கார வேண்டும், பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தால் அளவே வராது. ஆகவே கிடைக்கும் புள்ளிகள் குறைவாகவே இருக்கும்.

3. பிளவுகளை எண்ணுதல்

பாறையைக் கண்ணால் பார்க்காமல் இந்த வேலை வராது. சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: பல்லாவரம், திரிசூலம் பக்கத்து மலைகளில் வெட்டிய கல் முகங்கள் உண்டு. இந்தக் கல்தான் சார்னொக்கைட். ஜாப் சார்னாக்கின் கல்கத்தாக் கல்லறையில் இருந்த கல்லைப் பார்த்து 1893-ல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. அந்தக் கல் போனது பல்லாவரத்தில் இருந்து. உலகம் முழுக்க பாடப்புத்தகங்களில் உள்ள ஒரு பாறைக்கு மூல ஊர் மின்சார ரயில் நிற்கிற ஊர். அங்கே எண்ணெய் கிடையாது, ஆனால் பிளவு எண்ணப் பழக அதைவிட நல்ல இடம் வேண்டாம். நீர் நிரம்பிய கைவிட்ட குவாரிக் குழியின் விளிம்புக்குப் போகாதீர்கள்; சாலையோர வெட்டுமுகமே போதும்.

செய்ய வேண்டியது எளிது. 20 மீட்டர் டேப் ஒன்றைக் கல் முகத்தில் கிடையாக நீட்டுங்கள். டேப்பை வெட்டும் ஒவ்வொரு பிளவுக்கும் ஐந்து விவரம்: டேப்பில் எந்த இடம், எந்தத் திசை, எவ்வளவு சாய்வு, திறந்திருக்கிறதா தாது அடைத்திருக்கிறதா, நீளம் கண்ணில் தெரிகிற வரை எவ்வளவு. பிறகு அதே முகத்தில் டேப்பைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு 5 மீட்டர் எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. கிடை டேப்பில் செங்குத்துப் பிளவுகள் வரிசையாக வரும், தொங்கும் டேப்பில் அவை காணாமல் போகும்.

செங்குத்துக் கிணறும் தொங்கும் டேப்பும் ஒன்றேதான். கிணற்றுக்கு இணையாக ஓடும் பிளவைக் கிணறு பார்க்காது. இந்தக் குறையைச் சரிசெய்ய டெர்சாகி திருத்தம் உண்டு: ஒவ்வொரு பிளவையும் ஒன்று என்று எண்ணாமல், பிளவுத் தளத்துக்கும் கிணற்றுக்கும் உள்ள கோணத்தின் சைன் மதிப்பால் ஒன்றை வகுத்து எண்ண வேண்டும். 80 டிகிரி சாய்ந்த பிளவுக்குச் செங்குத்துக் கிணற்றோடு கோணம் 10 டிகிரி, எடை 5.8. கோணம் 5 டிகிரியானால் எடை 11.5. அதற்கும் கீழே போனால் ஒரே ஒரு பிளவு மொத்தக் கணக்கையும் தூக்கிவிடும். ஆகவே எடைக்கு 10 போல ஓர் உச்சவரம்பு வைப்பது நல்லது. கிணறு ஒரு பிளவைக்கூட வெட்டாத திசை இருந்தால் எந்தத் திருத்தமும் அதைக் கொண்டுவராது: பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். அந்தத் திசைக்குச் சாய்வுக் கிணறு வேண்டும், இல்லாவிட்டால் சீஸ்மிக்கில் தெரியும் ஃபால்ட்களின் (பாறை உடைந்து நகர்ந்த பெரிய முறிவுகள்) திசையைக் கடன் வாங்க வேண்டும்.

ஆழத்தில் டேப்பின் வேலையைச் செய்வது இமேஜ் லாக். கிணற்றுச் சுவரை மின்தடையால் படம் பிடிக்கும். பிளவுகள் படத்தில் அலை வடிவில் வளைந்த கோடுகளாகத் தெரியும். இதில் மூன்று இடத்தில் கை சறுக்கும். ஒன்று, துளையிடும்போதே உண்டான பிளவுகள். கிணற்றின் எதிரெதிர்ப் பக்கங்களில் 180 டிகிரி இடைவெளியில் செங்குத்தாக ஓடும் கோடுகள் பெரும்பாலும் நாம் உண்டாக்கியவை. இயற்கைப் பிளவு கிணற்றைச் சுற்றி வளையும். இரண்டு, அடைபட்ட பிளவுகள். கால்சைட் நிரம்பிய பிளவு மின்தடை கூடியதால் வெளுப்பாகத் தெரியும். ஆனால் களிமண் நிரம்பியது திறந்த பிளவு போலவே கறுப்பாக வரும். மூன்று, படத்தின் கூர்மை. சாதாரண இமேஜ் லாக்கின் பிரிதிறன் சுமார் 5 மில்லிமீட்டர். மெல்லிய பிளவும் மின்சாரத்தைக் கடத்துவதால் கோடாகத் தெரியும், ஆனால் கோட்டின் அகலம் பிளவின் அகலம் ஆகாது.

கோரை, அதாவது கிணற்றில் இருந்து முழுசாக வெட்டி எடுக்கும் கல் உருளையை, நம்பலாமே என்று தோன்றும். பிளவு நிறைந்த இடத்தில் கோர் நொறுங்கிப் பெட்டிக்குள் ஜல்லியாக வரும், பல நேரம் வரவே வராது. முழுசாக வருவது உடையாத கல். ஆய்வகத்துக்குப் போகும் சிறு உருளைகளும் அதிலிருந்தே வெட்டப்படும். எனவே கோர் போரோசிட்டி பிளவைப் பற்றிச் சொல்லும் செய்தி ஏறக்குறைய ஒன்றுமில்லை. கோர் வராத மீட்டர்களைக் குறித்து வையுங்கள். மட் (துளையிடும்போது கிணற்றுக்குள் சுற்றவிடும் சேற்றுக் கரைசல்) எங்கே காணாமல் போனது என்பதை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் சேரும் ஆழம்தான் ஊற்றுக்கண்.

4. மயிரளவு வாய், பெரிய விளைவு

எண்ணிக்கையில் இருந்து போரோசிட்டிக்குப் போகும் கணக்கு ஒரே பெருக்கல்: ஒரு கன மீட்டர் பாறைக்குள் உள்ள பிளவுப் பரப்பு × பிளவின் வாய் அகலம். அரை மீட்டர் இடைவெளியில் ஒரு தொகுதி பிளவுகள் இருந்தால் கன மீட்டருக்கு 2 சதுர மீட்டர் பரப்பு. மூன்று திசைத் தொகுதிகள் என்றால் 6. வாய் 0.1 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்டத் தலைமுடியின் தடிப்பு. பெருக்கினால் 0.0006, சதவீதத்தில் 0.06. அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு கன மீட்டர் கல்லில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் இருக்கும்.

ஓட்டத்தைப் பாருங்கள். இணைச் சுவர்ப் பிளவுக்குப் பெர்மியபிலிட்டி (திரவத்தை ஓடவிடும் திறன், அலகு மில்லிடார்சி) என்பது வாய் அகலத்தின் மும்மடியை, இடைவெளியின் பன்னிரண்டு மடங்கால் வகுத்தது. அதே 0.1 மில்லிமீட்டர், அரை மீட்டர் இடைவெளிக்கு ஒரு தொகுதியில் இருந்து மட்டுமே சுமார் 170 மில்லிடார்சி. நல்ல மணற்கல்லுக்குச் சமம். வாயை 0.2 ஆக்கினால் போரோசிட்டி இரண்டு மடங்கு, பெர்மியபிலிட்டி எட்டு மடங்கு, அதாவது 1,350.

அதனால்தான் இந்தக் கிணறுகள் முதல் நாளில் ஊரையே மயக்கும். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான பீப்பாய் வருவதைப் பார்த்து ‘பெரிய தேக்கம்’ என்று சொல்லிவிடுவார்கள். வேகமாக வருகிறது என்பது குழாய் பெரியது என்பதற்குச் சாட்சி. தொட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

இந்தச் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் ஒரு பயன் உண்டு. கிணற்றுச் சோதனையில் கிடைக்கும் பெர்மியபிலிட்டியில் இருந்து வாய் அகலத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். முப்படி வேர் எடுப்பதால், பெர்மியபிலிட்டி எட்டு மடங்கு தவறாக இருந்தாலும் வாய் இரண்டு மடங்குதான் தவறும். இடைவெளி இரண்டு மடங்கு தவறினால் போரோசிட்டி 1.6 மடங்கு மாறும். எனவே நேரத்தைச் செலவிட வேண்டியது முந்தைய படியில், எண்ணிக்கையில். இப்படிக் கிடைக்கும் வாய் அகலம் கீழ்வரம்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: உண்மைப் பிளவின் சுவர் சொரசொரப்பானது, சில இடங்களில் ஒட்டியும் இருக்கும், ஓட்டம் உணரும் அகலம் எண்ணெய் தங்கும் அகலத்தைவிடக் குறைவு.

5. ஃபால்ட் ஓரம் வேறு, நடுக்கல் வேறு

ஒரே சராசரி போதாது. ஃபால்ட்டை ஒட்டிய நொறுங்கல் பகுதியில் பிளவுகள் அடர்த்தி. அதைத் தாண்டினால் சட்டென்று குறையும். சீஸ்மிக்கில் தெரியும் ஒவ்வொரு ஃபால்ட்டின் இருபுறமும் ஒரு பட்டை வரைந்து, மொத்தக் கன அளவில் அந்தப் பட்டைகளின் பங்கு என்ன என்று பாருங்கள்.

நம் கூம்பில் பங்கு 25 சதவீதம், அங்கே போரோசிட்டி 1.5 சதவீதம், மீதி 75 சதவீதத்தில் நுண்பிளவுகளையும் சேர்த்து 0.2 என்று வைப்போம். சராசரி 0.525 சதவீதம். எல்லை 1,750-ல் இருந்தால் 35.3 கோடி கன மீட்டர் × 0.00525. பிளவுகளில் நீர் 10 சதவீதம், எண்ணெய் மேலே வரும்போது சுருங்கும் காரணி 1.25. ஆக × 0.9 ÷ 1.25. கன மீட்டரைப் பீப்பாயாக்க × 6.29. விடை சுமார் 84 லட்சம் பீப்பாய்.

அந்த 84-ஐ யாரிடமும் சொல்லாதீர்கள். ஒருமுறை சொன்னால் அது கூட்டத்துக்குக் கூட்டம் பயணிக்கும், பக்கத்தில் இருந்த ‘சுமார்’ முதல் கூட்டத்திலேயே உதிர்ந்துவிடும். கிணறு எப்போதும் ஃபால்ட்டைக் குறிவைத்துத்தான் போடப்படுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நல்ல ஊற்றுக்கண்ணில் போட்ட போரை வைத்துத் தெரு முழுவதும் தண்ணீர் என்று சொல்வது போல, கிணற்றுப் போரோசிட்டியை வயல் முழுவதற்கும் நீட்டுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் பெரிய பிழை.

6. வரம்பு வைப்பது

இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் கீழ், மேல் வரம்பு. நம் துறையில் பி90 என்றால் சிறிய எண்: அதைவிடக் கூடுதலாக இருக்க 90 சதவீத வாய்ப்பு. பி50 நடு, பி10 பெரிய எண். புள்ளியியல் வகுப்பில் இருந்து வருபவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள், முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இங்கே ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. இமேஜ் லாக்கில் 300 பிளவுகளின் வாய் அகலம் கிடைத்தது, 0.01 முதல் 1 மில்லிமீட்டர் வரை பரவியிருக்கிறது என்றால், அந்தப் பரவலை அப்படியே வயலின் போரோசிட்டி வரம்பாக எடுத்துவிடுவார்கள். அது பிளவுக்குப் பிளவு உள்ள வேறுபாடு. நமக்கு வேண்டியது வயலின் *சராசரி* பற்றிய ஐயம். பரீட்சை எழுதிய பிள்ளைகளின் மதிப்பெண் 5 முதல் 98 வரை இருக்கும். வகுப்புச் சராசரி 5 ஆக இருக்குமோ என்று யாரும் ஐயப்படுவதில்லை. சராசரியின் வரம்பு குறுகியது. அதே நேரம், எல்லா அளவுகளையும் ஒரே பக்கம் சாய்க்கும் பிழை (அளவுத்திருத்தம் தவறிய லாக், ஃபால்ட் ஓரக் கிணறு) எண்ணிக்கை கூடினாலும் குறையாது. வரம்பை அகலமாக்க வேண்டியது அதற்காகத்தான்.

நம் உதாரணத்தில் சராசரிப் போரோசிட்டிக்குப் பி90 0.2 சதவீதம், பி10 1.2 சதவீதம் என்று வைப்போம். கன அளவுக்கு 10.5 கோடி, 83.8 கோடி. நீரின் பங்கும் சுருக்கக் காரணியும் இதோடு ஒப்பிட்டால் சில்லறை. அவற்றின் மேல் அரைமணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

7. எக்செல்லில் மான்டே கார்லோ

மான்டே கார்லோ என்றால் வரம்புக்குள் எண்களைக் குலுக்கி எடுத்து ஒரே கணக்கை ஆயிரக்கணக்கான முறை போடுவது. பல காரணிகளைப் பெருக்கினால் விடை லாக்-நார்மல் (மடக்கை எடுத்தால் மணி வடிவம் தரும் பரவல்) பக்கம் போகும். உள்ளீடுகளையும் லாக்-நார்மலாகவே எடுக்கலாம். போரோசிட்டிக்கு நடுமதிப்பு 0.2, 1.2 இரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம்: 0.49 சதவீதம். பரவல் எண், 1.2 ÷ 0.2 என்பதன் இயல் மடக்கையை 2.563-ஆல் வகுத்தது: 0.70. ஒரு வரிசையில் ரேண்டம் எண் ஒன்று. அதை நடுமதிப்பின் மடக்கையோடும் பரவல் எண்ணோடும் நார்மல் தலைகீழ்ச் சார்பில் கொடுத்து, மடக்கை நீக்கினால் ஒரு போரோசிட்டி. அடுத்த கட்டத்தில் *வேறொரு* ரேண்டம் எண்ணால் ஒரு கன அளவு. பெருக்கி பீப்பாயாக்குங்கள். 10,000 வரிசைக்கு இழுத்துவிடுங்கள். ஒரே ரேண்டம் கட்டத்தை இரண்டுக்கும் இணைத்துவிட்டால் இரண்டும் கைகோத்து ஏறி இறங்கும், விடையின் வால் நீண்டுவிடும். முதல் வாரத்தில் எல்லோரும் செய்யும் பிழை.

விடை: பி90 சுமார் 17 லட்சம், பி50 சுமார் 66 லட்சம், பி10 சுமார் 2.6 கோடி பீப்பாய். மேலுக்கும் கீழுக்கும் 15 மடங்குக்குச் சற்று மேல். மான்டே கார்லோ இல்லாமல் பி90-ஐப் பி90-ஆலும் பி10-ஐப் பி10-ஆலும் பெருக்கியிருந்தால் 9.5 லட்சம் முதல் 4.55 கோடி வரை, 48 மடங்கு வந்திருக்கும். அந்த 9.5 லட்சம் உண்மையில் பி96 போல. இரண்டு கெட்ட செய்தியும் ஒரே நாளில் வருவது அரிது. இதே காரணத்தால் பல வயல்களின் பி90-களைக் கூட்டி ‘மொத்தத்தின் பி90’ என்று எழுதுவதும் தவறு. சராசரிகளை மட்டுமே அப்படிக் கூட்டலாம்.

நாம் முன்பு போட்ட 84 லட்சம் பி50-ஐவிட மேலே உட்கார்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? ‘நடு’ எல்லை என்று எடுத்த 1,750-ன் கன அளவு 35.3 கோடி; பரவலின் நடுமதிப்போ 29.6 கோடிதான். ஆழத்தில் நடு என்பது கன அளவில் நடு ஆகாது.

உள்ளீடுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையா என்றும் பாருங்கள். ஃபால்ட் அதிகமான வயலில் பட்டைப் பங்கும் கூடும், பட்டைக்குள் போரோசிட்டியும் கூடும். இவற்றைத் தனித்தனியாக உருட்டினால் பரவல் பொய்யாகக் குறுகும்.

தொடர்ச்சியாக மாறாத ஐயங்களை ரேண்டம் எண்ணுக்குள் திணிக்காதீர்கள். நடுவே உள்ள ஃபால்ட் அடைக்கிறதா இல்லையா, பாறைக்கட்டி பங்களிக்கிறதா இல்லையா: இவை ஆம்-இல்லை கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஷீட், தனி ஓட்டம், தனி எடை. பாதி அடைக்கும் ஃபால்ட் என்ற சராசரி வயல் உலகத்தில் எங்கும் இல்லை.

8. ஓடவிட்டுப் பார்ப்பது

உற்பத்தி தொடங்கியதும் இதுவரை போட்ட கணக்கை மறுபக்கத்தில் இருந்து சோதிக்கலாம். குமிழ் அழுத்தத்துக்கு (எண்ணெயில் கரைந்த வாயு குமிழாகப் பிரியத் தொடங்கும் அழுத்தம்) மேலே இருக்கும்வரை, எடுத்த எண்ணெயை (அமுக்கத் தன்மை × அழுத்தம் இறங்கிய அளவு) என்பதால் வகுத்தால் கிணற்றோடு இணைந்த கொள்ளளவு கிடைக்கும். 1 லட்சம் பீப்பாய் எடுத்தபின் அழுத்தம் 20 பார் இறங்கியது, மொத்த அமுக்கத் தன்மை பாருக்கு 0.0003 என்றால் விடை 1.67 கோடி. அந்த எண் 0.0002 என்றால் 2.5 கோடி, 0.0006 என்றால் 83 லட்சம். கெட்டிப் பாறையின் அமுக்கத் தன்மையை எடுத்துப் பிளவுக்குப் போடுவதால் வரும் கோளாறு இது: பிளவு கல்லைவிட எளிதில் மூடிக்கொள்ளும், அதன் எண் பெரிது, கொள்ளளவு சிறிது. கீழிருந்து நீர் தாங்கிப் பிடித்தாலும் அழுத்தம் இறங்காது, தேக்கம் பெரிதாகத் தெரியும். ஆகவே அழுத்தத்தை மட்டும் பார்க்காமல் நீரின் பங்கையும் வாரந்தோறும் வரையுங்கள்.

அழுத்தச் சோதனையின் டெரிவேட்டிவ் வளைவில் (அழுத்தம் மாறும் வேகத்தைக் காட்டும் கோடு) ஒரு குழி விழுந்தால், 1963-ல் வாரனும் ரூட்டும் சொன்ன இரட்டைப் போரோசிட்டி நடத்தையாக (பிளவும் பாறைக்கட்டியும் இரண்டுமே எண்ணெய் தருவது) இருக்கலாம். அதில் இருந்து வரும் சேமிப்பு விகிதம் (மொத்தச் சேமிப்பில் பிளவின் பங்கு) 0.05 என்றால் ‘எண்ணெயில் 5 சதவீதம் பிளவில்’ என்று உடனே எழுதிவிடாதீர்கள். அந்த விகிதத்துக்குள் அமுக்கத் தன்மையும் பெருக்கி உட்கார்ந்திருக்கிறது. பிளவின் அமுக்கத் தன்மை கல்லினுடையதைவிட ஐந்து மடங்கு என்றால் கொள்ளளவுப் பங்கு 1 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும்.

9. புதுக் கிணறு வந்தபின்

இரண்டாவது கிணறு 1,770 மீட்டரில் நீர் காட்டியது என்று வையுங்கள். 1,800 எல்லை இனி இல்லை; கன அளவின் மேல்வரம்பு 83.8 கோடியில் இருந்து 51.5 கோடிக்கு இறங்கும். பத்தாயிரம் வரிசையில் கன அளவு 51.5 கோடியைத் தாண்டியவற்றை அழித்துவிட்டு மிச்சத்தை மறுபடி வரிசைப்படுத்தினாலே புதுப் பி10 வந்துவிடும்.

அழிக்கும் முன் அந்த நீர் எது என்று பாருங்கள். துளையிடும்போது பிளவுக்குள் நூற்றுக்கணக்கான பீப்பாய் மட் போயிருந்தால் முதலில் திரும்பி வருவது அதுதான். குளோரைடு அளவை மட்டின் அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். உண்மையான நிலத்தடி உப்புநீர் என்றால் அடுத்த கேள்வி: அந்த ஆழத்திலேயே இருந்த நீரா, பெரிய ஃபால்ட் ஒன்றின் வழியே கீழிருந்து ஏறி வந்ததா? முதல் நாள் தூய எண்ணெய் வந்து, ஓட்டத்தைக் கூட்டக் கூட்ட நீர் கூடி, சோக்கைக் (கிணற்று ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) குறைத்தால் நீரும் குறைந்தால், ஏறி வந்த நீர் என்று சந்தேகப்படலாம். அப்போது 1,800 எல்லையை முழுசாக அழிக்காமல் அதன் எடையை மட்டும் குறையுங்கள். சிறு ஓட்டத்தில் 48 மணி நேரம் ஓடவிட்டும் நீரின் பங்கு அசையவில்லை என்றால் அழித்துவிடலாம்.